ஆய்வு மாணவருக்கு விருது: அந்த ஆய்வில் என்னதான் இருக்கிறது?

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துச் செய்திகளில் அவ்வப்போது மனம் நிறையும்படி ஒன்று வரும். கிராமத்து அரசுப் பள்ளியில் படித்த ஒருவர், வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்து விருது வாங்கியிருப்பார். படம் போட்டிருப்பார்கள். ஊர், தாலுகா, அப்பா அம்மா செய்யும் தொழில் எல்லாம் விவரமாக இருக்கும். ஆய்வு எதைப் பற்றியது என்ற இடம் வந்ததும் மட்டும் செய்தி ஒரே வரியில் தாண்டிவிடும்: புற்றுநோய் மருந்துக்கான ஆராய்ச்சி.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் தர்மபுரி. மாநிலம் 80 சதவீதம், தர்மபுரி 68.5 சதவீதம். அந்த மண்ணிலிருந்து போய் ஒருவர் கரிமத் தொகுப்பு வேதியியலில் விருது வாங்குகிறார் என்றால், அவர் என்ன செய்தார் என்பது சொந்த ஊர்க்காரர்களுக்காவது விளங்க வேண்டும். அந்த ஒற்றை வரி அதை விளக்குவதில்லை. நடக்காத ஒன்றைச் சொல்லி, நடந்த வேலையை மறைத்துவிடுகிறது.

ஒரு மருந்து ஆய்வகத்தில் பிறந்து மருந்துக்கடைக்கு வர, பெரும்பாலும் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். வேதியியலாளர், உயிரியலாளர், மருத்துவர் என்று நூற்றுக்கணக்கானோர் அதில் வேலை செய்வார்கள். ஐந்தாறு ஆண்டு முனைவர் பட்ட ஆய்வில் ஒருவர் மருந்தைக் கண்டுபிடித்து முடிப்பதில்லை. கரிமத் தொகுப்பு வேதியியலில் அவர் செய்யும் வேலை வேறு. எளிய மூலக்கூறுகளை எடுத்து, கார்பனோடு கார்பனை, கார்பனோடு ஆக்சிஜனை, நைட்ரஜனை வேண்டிய இடத்தில் மட்டும் பிணைத்து, வேண்டிய மூலக்கூறைக் கட்டுவதுதான் அந்தத் துறை. ஒரு சாரார் இயற்கையில் கிடைக்கும் சிக்கலான மூலக்கூறு ஒன்றை ஆய்வகத்தில் அடியிலிருந்து கட்டி முடிப்பார்கள். அது முழுத் தொகுப்பு. இன்னொரு சாரார் அப்படிக் கட்டுவதற்கான புதிய வினைமுறையைக் கண்டுபிடிப்பார்கள். விருது வாங்கும் ஆய்வேடுகள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றாக இருக்கும்.

இயற்கையே தரும் மூலக்கூறை மெனக்கெட்டு ஏன் கட்ட வேண்டும் என்று கேட்கலாம். தர்மபுரி பட்டுக்கூடு அங்காடிக்குப் போய்வரும் எந்த விவசாயிக்கும் பழக்கமான பூச்சியிலேயே பதில் இருக்கிறது. பெண் பட்டுப்பூச்சி வெளிவிடும் மணப்பொருளால்தான் ஆண் பூச்சி இழுக்கப்பட்டு வருகிறது. அந்தப் பொருள் என்ன என்று ஜெர்மன் வேதியியலாளர் அடால்ஃப் பூட்டெனான்ட் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தேடினார். சுமார் 5 லட்சம் பெண் பூச்சிகளின் சுரப்பிகளைச் சேகரித்துப் பிரித்தபோது அவர் கையில் தேறியது சில மில்லிகிராம்தான். 1959-ல் அதற்கு பாம்பிகால் என்று பெயர் வைத்தார். பதினாறு கார்பன் கொண்ட சங்கிலி, அதில் இரண்டு இரட்டைப் பிணைப்புகள். ஒவ்வொரு இரட்டைப் பிணைப்பும் இரண்டு விதமாக மடங்கலாம் என்பதால் நான்கு வடிவங்களுக்கு வாய்ப்பு உண்டு. நான்கையும் ஆய்வகத்தில் கட்டிப் பூச்சியிடம் காட்டினார்கள். ஒன்றுக்குத்தான் ஆண் பூச்சி துடித்து எழுந்து சிறகடித்தது. மற்ற மூன்றும் அதன் பக்கத்தில்கூட வரவில்லை. நான்கிலும் அணுக்கள் ஒன்றுதான், எண்ணிக்கையும் ஒன்றுதான். வடிவம் மட்டும் வேறு. பூச்சிக்கு அந்த வித்தியாசம் தெரிகிறது. நம் உடம்புக்கும் தெரியும்.

வடிவம் என்று சொல்லிவிட்டோம். இதில் இன்னும் நுட்பமான ஒரு வகை இருக்கிறது. இன்றைய கரிமத் தொகுப்பு ஆய்வில் பெரும் பகுதி அதைச் சுற்றியே நடக்கிறது. அதைப் புரிந்துகொள்ள நம் மாவட்டத்துப் புளியைவிடப் பொருத்தமான பொருள் கிடைக்காது.

தை பிறந்தால் இந்த இரண்டு மாவட்டங்களிலும் புளி உலுக்கும் வேலை தொடங்கிவிடும். வீட்டுத் திண்ணைகளிலும் வியாபாரிகளின் களத்திலும் பெண்கள் உட்கார்ந்து ஓட்டைத் தட்டி, நாரை உரித்து, கொட்டையை எடுப்பார்கள். வேளாண்மைத் துறையினர் சொல்லும் புளி ரகங்களில் உரிகம் என்ற ரகத்துக்குப் பெயரே கிருஷ்ணகிரி மாவட்டத்து மலையூரிலிருந்து வந்ததுதான். அந்தப் புளியின் சதையில் 8 முதல் 18 சதவீதம் வரை டார்டாரிக் அமிலம் இருக்கிறது. கிளிமூக்கு மாங்காய் பழுக்கப் பழுக்கப் புளிப்பு இறங்கி இனிப்பு ஏறும். புளி அப்படியில்லை. பழுக்கும்போது சர்க்கரை ஏறும், ஆனால் டார்டாரிக் அமிலம் கரைந்து போகாது. அதனால்தான் நன்றாகப் பழுத்த புளியம்பழமும் வாயில் போட்டால் இனித்துக்கொண்டே புளிக்கிறது.

பித்தளைச் செம்பைப் புளி போட்டு விளக்குகிறோமே, அங்கேயும் வேலை செய்வது இதுதான். அமிலம் பாத்திரத்தின் மேல் படிந்த செம்பு ஆக்சைடைக் கரைக்கிறது. அந்த அமிலத்திலிருந்து வரும் டார்ட்ரேட் அயனி, கரைந்த செம்பு அயனியைப் பிடித்துக் கரைசலிலேயே வைத்துக்கொள்கிறது. பிளஸ் டூ ஆய்வகத்தில் சர்க்கரையைச் சோதிக்க ஃபெலிங் கரைசல் இரண்டையும் கலப்பார்கள். இரண்டாவது குப்பியில் இருப்பது டார்டாரிக் அமிலத்தின் உப்பு. காரக் கரைசலில் செம்பு கீழே படிந்துவிடாமல் அது பிடித்து வைத்திருப்பதால்தான் அந்த அழகான கருநீலம் கிடைக்கிறது. அரசுப் பள்ளியில் வேதியியல் படித்த ஒவ்வொருவரும் அந்த நீலத்தைப் பார்த்திருப்பார்கள்.

இந்த அமிலத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. அதன் மூலக்கூறும், கண்ணாடியில் தெரியும் அதன் பிம்பமும் ஒன்றல்ல. இடது கால் செருப்பும் வலது கால் செருப்பும் போல: அளவு ஒன்று, தோல் ஒன்று, தையல் ஒன்று, ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றதைப் போட முடியாது. இந்தக் குணத்தைப் பாடப்புத்தகம் கைரல் தன்மை என்கிறது. புளிய மரம் இரண்டில் ஒரு கை வடிவத்தை மட்டுமே உண்டாக்குகிறது. ஆய்வகத்தில் சாதாரண முறையில் கட்டினாலோ இரண்டும் பாதிக்குப் பாதி கலந்து வரும். அதுதான் பாடத்தில் வரும் சுழிமாய்க் கலவை.

இதை முதலில் கண்ணால் பார்த்தவர் லூயி பாஸ்டர். வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்கெல்லாம் வெகுகாலம் முன்பு, 1848-ல். முனைவர் பட்டம் வாங்கி ஒரு வருஷம்கூட ஆகாத 25 வயதுப் பையன். திராட்சையிலிருந்து எடுத்த டார்டாரிக் அமிலம், ஒரே தளத்தில் மட்டும் அதிரும்படி வடிகட்டிய ஒளியின் தளத்தை வலப்பக்கம் திருப்பும் என்று அப்போதே தெரியும். அதே மாதிரியான, ஆனால் ஒளியைத் திருப்பாத இன்னொரு அமிலமும் இருந்தது. ஏன் என்று யாருக்கும் விளங்கவில்லை. பாஸ்டர் அதன் சோடியம் அம்மோனியம் உப்பைப் படிகமாக்கி உற்றுப் பார்த்தார். படிகங்களின் ஓரத்தில் ஒரு சின்ன முகம் சிலவற்றில் வலப்பக்கமும் சிலவற்றில் இடப்பக்கமும் சாய்ந்திருந்தது. ஒவ்வொரு படிகமாகக் கையால் பொறுக்கி இரண்டு குவியலாக்கினார். ஒரு குவியலின் கரைசல் ஒளியை வலப்பக்கம் திருப்பியது, மற்றது அதே அளவுக்கு இடப்பக்கம். அந்தக் காலத்தில் ஒளித்திருப்பத்தில் பெரிய ஆளாக இருந்த 74 வயது இயற்பியலாளர் பியோவுக்கு நம்பிக்கை வரவில்லை. தன் ஆய்வகத்துக்கே கூப்பிட்டு, தானே கொடுத்த பொருளை வைத்து, தன் கண்ணெதிரே செய்யச் சொன்னார். முடிவைப் பார்த்ததும் இளைஞரின் கையைப் பிடித்துக்கொண்டு நெகிழ்ந்து போனார்.

இதில் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு உபரித் தகவல். அந்த உப்பு ஏறத்தாழ 27 டிகிரிக்குக் கீழேதான் இரண்டு கைகளாகத் தனித்தனிப் படிகமாகும். அதற்கு மேல் போனால் இரண்டும் ஒரே படிகத்துக்குள் போய்விடும். பாரீஸின் குளிர் இல்லாமல் தர்மபுரிச் சித்திரையில் செய்திருந்தால் பொறுக்குவதற்கே ஒன்றும் இருந்திருக்காது. பாஸ்டருக்கு 1853-ல் பாரீஸ் மருந்தியல் கழகம் 1500 பிராங்க் பரிசு கொடுத்தது. 1856-ல் லண்டன் ராயல் சொசைட்டி ரம்ஃபோர்டு பதக்கம் கொடுத்தது. இரண்டும் இந்த அமில வேலைக்காகத்தான்.

ஏன் இரண்டு கைகள் வருகின்றன என்பதற்கு விடை 1874-ல் வந்தது. கார்பனின் நான்கு பிணைப்புகளும் ஒரு நான்முகியின், அதாவது நான்கு முக்கோண முகங்கள் கொண்ட உருவத்தின், நான்கு முனைகளை நோக்கி நீள்கின்றன. நான்கிலும் நான்கு வெவ்வேறு அணுக்களோ அணுத் தொகுதிகளோ இருந்தால் அவற்றை இரண்டு விதமாக அடுக்கலாம். இதைச் சொன்னவர்களில் ஒருவர் வான்ட் ஹாஃப், வயது 22. அப்போது அவர் இன்னும் முனைவர் பட்டமே வாங்கவில்லை. கருத்து மிகப் புதியது என்பதால் அதைச் சின்னப் பிரசுரமாகத் தனியே வெளியிட்டுவிட்டு, பட்டத்துக்கு யாரும் குறை சொல்ல முடியாத சாதாரணத் தலைப்பில் ஆய்வேடு கொடுத்தார். மூன்று வருஷம் கழித்து, கோல்பே என்ற மூத்த வேதியியலாளர், கால்நடை மருத்துவப் பள்ளியில் வேலை பார்ப்பவருக்கு இதெல்லாம் எதற்கு என்ற தோரணையில் அவரை அச்சிலேயே கேலி செய்தார். 1901-ல் வேதியியலுக்கான முதல் நோபல் பரிசு வான்ட் ஹாஃபுக்குப் போனது. பரிசு வேறு ஆய்வுக்காக. ஆனாலும் இன்று பிளஸ் ஒன் பிள்ளைகள் படிப்பது கோல்பே கேலி செய்த அந்த நான்முகியைத்தான்.

அப்படியும் எந்தக் கை எது என்று நிச்சயமாகத் தெரிய 1951 வரை ஆனது. அதுவரை ஜெர்மன் வேதியியலாளர் எமில் ஃபிஷர் 1891-ல் வசதிக்காக ஊகித்து வைத்ததையே எல்லோரும் பின்பற்றினார்கள். பாதிக்குப் பாதி வாய்ப்புள்ள ஊகம். நெதர்லாந்தின் பைஃபூட் எக்ஸ் கதிர் கொண்டு ஒரு படிகத்தை ஆராய்ந்து, ஃபிஷரின் ஊகம் சரிதான் என்று நிரூபித்தார். அவர் எடுத்த படிகமும் டார்டாரிக் அமிலத்தின் உப்பே.

சரி, கை வித்தியாசத்தால் நமக்கு என்ன? மருந்துக்கடையில் சளி, அரிப்புக்கு வாங்கும் செட்ரிசின் மாத்திரையில் இரண்டு கைகளும் சம அளவில் இருக்கின்றன. லீவோசெட்ரிசின் என்று எழுதியிருந்தால் அதில் வேலை செய்யும் கை மட்டும் இருக்கிறது. அதனால்தான் முதலாவதில் பெரியவர்களுக்கு 10 மில்லிகிராம், இரண்டாவதில் 5. இதைப் பேசும்போது தாலிடோமைடு கதையைச் சொல்வது வழக்கம். 1957-ல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்து, ஆயிரக்கணக்கான குழந்தைகள் கை கால் குறையோடு பிறக்கக் காரணமாகி, 1961-ல் திரும்பப் பெறப்பட்ட மருந்து. நல்ல கையை மட்டும் கொடுத்திருந்தால் தப்பித்திருக்கலாம் என்று பலரும் எழுதுகிறார்கள். அது சரியில்லை. தாலிடோமைடின் இரண்டு கைகளும் உடம்புக்குள்ளேயே ஒன்றிலிருந்து மற்றதாக மாறிக்கொள்ளும். எந்தக் கையைக் கொடுத்தாலும் இரண்டும் இருக்கும். கை முக்கியம் என்பதற்கு அது நல்ல உதாரணம் அல்ல. செட்ரிசின் நல்ல உதாரணம்.

ஒரே கையை மட்டும் ஆய்வகத்தில் உண்டாக்குவது எப்படி? பாஸ்டர் மாதிரிப் பொறுக்கிக்கொண்டிருக்க முடியாது. பெரும்பாலான பொருள்கள் அப்படித் தனித்தனிப் படிகமாவதும் இல்லை. முதலிலேயே கை உள்ள ஒரு பொருளைத் துணைக்கு வைத்து வினையை நடத்த வேண்டும். 1980-ல் ஸ்டான்ஃபோர்டில் பாரி ஷார்ப்லெஸும் சுடோமு கட்சுகியும் அதைச் செய்து காட்டினார்கள். அவர்கள் துணைக்கு எடுத்தது டார்டாரிக் அமிலத்திலிருந்து செய்த டைஎத்தில் டார்ட்ரேட். டைட்டானியம் அணு ஒரு பக்கம் டார்ட்ரேட்டையும், மறுபக்கம் வினைபுரிய வேண்டிய ஆல்கஹாலையும், ஆக்சிஜன் தரும் பெராக்சைடையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். டார்ட்ரேட்டின் கை ஒரு பக்கத்தை அடைத்துவிடுவதால் ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பின் மறுபக்கத்திலிருந்து மட்டுமே ஏற முடியும். புளியில் உள்ள கையைப் போட்டால் ஒரு பக்கம், அதன் எதிர்க்கையைப் போட்டால் மறுபக்கம். வேதியியலாளர் விரும்பிய கையைத் தேர்ந்தெடுக்கலாம். ஆரம்பத்தில் டைட்டானியமும் டார்ட்ரேட்டும் நிறையத் தேவைப்பட்டன. சில ஆண்டுகள் கழித்து, ஈரத்தை உறிஞ்சும் மூலக்கூறு சல்லடை என்ற பொடியைச் சேர்த்ததும் 5 முதல் 10 சதவீதமே போதும் என்றானது.

2001 நோபல் பரிசு ஷார்ப்லெஸுக்கும், ஹைட்ரஜன் ஏற்றும் வினையில் இதையே சாதித்த நோல்ஸ், நொயோரி இருவருக்கும் சேர்ந்து கிடைத்தது. பிரான்சின் ககான் இதே டைட்டானியம், டார்ட்ரேட் கூட்டணியைச் சற்று மாற்றி, கந்தகம் உள்ள மூலக்கூறுகளில் ஆக்சிஜனை ஒரு பக்கம் மட்டும் ஏற்ற வழி கண்டார். வயிற்றெரிச்சலுக்கு டாக்டர் எழுதும் எசோமெப்ரசோல் மாத்திரையை ஆலை அளவில் தயாரிக்கும் முறை அந்த வழியில் வந்ததுதான். அதில் பயன்படுவது புளியில் உள்ள கையின் எதிர்க்கை. மரம் தராத அந்தக் கையையும் மனிதர்கள் செய்துகொண்டார்கள்.

இப்போது அந்தச் செய்தி வரிக்கு வரலாம். முனைவர் பட்ட மாணவர் ஒருவரின் வினைமுறை புற்றுநோய் மருந்தோடு எப்படிச் சேர்கிறது என்பதற்கு உண்மையான உதாரணம் ஒன்று உண்டு. பிளஸ் டூ படித்த எல்லோருக்கும் அவர் பெயர் தெரியும்: கிரிக்னார்டு. பாடத்தில் பக்கத்துக்குப் பக்கம் கிரிக்னார்டு வினைப்பொருள் என்று வருகிறதே, அது ஒரு மாணவரின் முனைவர் பட்ட ஆய்வு.

பிரான்சின் லியோன் நகரில் பேராசிரியர் பார்பியே, துத்தநாகத்துக்குப் பதில் மக்னீசியம் போட்டு ஒரு கார்பன்–கார்பன் பிணைப்பை உண்டாக்கிப் பார்த்தார். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுச் செய்தார். சில நேரம் வந்தது, சில நேரம் வரவில்லை. இதைப் பாரேன் என்று மாணவர் விக்டர் கிரிக்னார்டிடம் கொடுத்துவிட்டார். கிரிக்னார்டு வரிசையை மாற்றினார். முதலில் உலர்ந்த ஈதரில் மக்னீசியத்தையும் ஹாலைடையும் (புரோமின், அயோடின் போன்றது ஒட்டிய கார்பன் சேர்மம்) மட்டும் சேர்த்து, இடைப்பொருளை உருவாக்கி முடித்துக்கொண்டார். அப்புறம்தான் கார்பன்–ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்புள்ள கீட்டோனைச் சேர்த்தார். வினை ஒழுங்காக நடந்தது, பலவகைக் கீட்டோன்களுக்கும் அவற்றின் உறவான ஆல்டிஹைடுகளுக்கும் நடந்தது. 1900-ல் அறிவித்தார், 1901-ல் ஆய்வேடு, 1912-ல் நோபல் பரிசு. மார்பகப் புற்றுநோய்க்கு இன்றும் தரப்படும் டாமாக்சிஃபென் மூலக்கூறை 1960-களில் இங்கிலாந்தில் கட்டியபோது, கார்பன் சட்டகத்தைப் பிணைத்த படிகளில் ஒன்று கிரிக்னார்டு வினை. அவர் புற்றுநோயைப் பற்றி ஒரு வரிகூட யோசித்திருக்க மாட்டார். அவர் கண்டது, கார்பனோடு கார்பனை நம்பகமாகப் பிணைக்கும் ஒரு முறை. மருந்து வந்தபோது அது தயாராக இருந்தது.

தர்மபுரியிலிருந்து ஓமலூர் வழியாகச் சேலம் போகும்போது தெரியும் வெள்ளைக்கல் குவியல்கள் மக்னீசியத்தின் கனிமம்தான். அவை பெரும்பாலும் உலைச் செங்கலுக்குப் போகின்றன, ஆய்வகத்துக்கு அல்ல. ஆனாலும் அந்தப் பக்கம் போகும் வேதியியல் மாணவர்களுக்கு ஆசிரியர்கள் இதைச் சொன்னால் நன்றாக இருக்கும்.

இந்த வினையைச் செய்து பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். குடுவையை அடுப்பில் காயவைத்து, சூடு ஆறும்போது ஈரம் புகாமல் கால்சியம் குளோரைடு குழாய் மாட்ட வேண்டும். மக்னீசியச் சீவல்களைப் போட்டு, சோடியம் கம்பி போட்டு உலர்த்திய ஈதரை ஊற்றி, ஹாலைடை நாலைந்து சொட்டு விட வேண்டும். ஒன்றும் நடக்காது. ஒரு துண்டு அயோடினைப் போட்டால் கரைசல் பழுப்பாகும். உள்ளங்கையைக் குடுவைக்கு அடியில் வைத்துச் சூடு கொடுத்துக்கொண்டே பார்க்க வேண்டும். பழுப்பு மெல்ல வெளுக்கும். உலோகத்தின் மேல் சின்னக் குமிழிகள் கிளம்பும், கரைசல் லேசாகக் கலங்கும், பிறகு அடுப்பே இல்லாமல் ஈதர் தானாகக் கொதிக்கத் தொடங்கும். இப்போது ஹாலைடை அவசரப்பட்டு ஊற்றினால் பொங்கி வெளியே வந்துவிடும். சொட்டுச் சொட்டாகத்தான் விட வேண்டும். ஒரு துளி தண்ணீர் இருந்தால்கூட வினைப்பொருளில் அந்த அளவு வீணாகிவிடும். ஈதரின் கொதிநிலை 35 டிகிரிக்கும் கொஞ்சம் கீழே. மே மாத மதியத்தில் நம் ஊர்க் கல்லூரி ஆய்வகத்தின் வெப்பம் அதைத் தாண்டிவிடும். ஈதர் பாட்டிலை வெளியே வைத்துவிட்டு மூடியைத் திறந்தால் என்ன ஆகும் என்று இங்கே படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குளிர்பெட்டியும் தடையில்லாத மின்சாரமும் இந்தத் துறையில் வசதி அல்ல, அடிப்படைத் தேவை. மாவட்டக் கல்லூரிகளுக்குக் கருவி வாங்க நிதி ஒதுக்குபவர்கள் இதை முதலில் கவனிக்க வேண்டும்.

நம் ஆட்களின் பெயரோடும் ஒரு வினை உண்டு. சென்னையில் பிறந்த கே. வெங்கட்ராமன், தாவர நிறமிகளான ஃபிளேவோன்களைக் கட்ட உதவும் வினையை 1930-களில் கண்டார். உலகம் முழுவதும் அது பேக்கர்–வெங்கட்ராமன் இடமாற்றம் என்றே அழைக்கப்படுகிறது. புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தின் முதல் இந்திய இயக்குநரும் அவர்தான். குளித்தலையில் பிறந்த டி.ஆர். சேஷாத்ரியும் அதே நிறமிக் குடும்பத்தில் வாழ்நாள் முழுக்க உழைத்தவர்.

ஒரு தொகுப்பு ஆய்வை விருதுக்குப் பார்ப்பவர்கள் எதைப் பார்ப்பார்கள்? முதலில் விளைச்சல், அதாவது போட்டதில் எவ்வளவு பங்கு வேண்டிய பொருளாகக் கிடைத்தது என்பது. ஒரு படியில் 90 சதவீதம் என்றால் பிரமாதம். ஆனால் அப்படிப் பத்துப் படிகள் தாண்டினால் கடைசியில் மிஞ்சுவது 35 சதவீதம்தான். ஒவ்வொரு படியும் 80 சதவீதம் என்றால் பத்தாவது படியில் 11 சதவீதத்துக்கும் குறைவு. 90 வீதம் இருபது படி போனால் 12 சதவீதம். பத்துப் படி வேலையை ஆறு படியில் முடிக்க ஒருவர் வழி கண்டால் அது ஏன் பெரிய விஷயம் என்பதற்கு இந்தப் பெருக்கல் கணக்கே போதும்.

அடுத்தது கை சுத்தம். நூறு மூலக்கூறில் 95 வேண்டிய கை, 5 வேண்டாத கை என்றால் அதை 90 சதவீத மிகை என்று எழுதுவார்கள். மருந்து ஆலைக்கு அது போதாது, 99-ஐத் தாண்ட வேண்டும். அப்புறம், கண்ட வினை ஒரே ஒரு மூலக்கூறுக்கு மட்டும் நடக்கிறதா, பலவற்றுக்கும் நடக்கிறதா என்பது. ஆய்வேட்டில் முப்பது நாற்பது மூலக்கூறுகளை வரிசையாகப் போட்ட பட்டியல் இருப்பது அதற்குத்தான். நடக்காதவற்றையும் நேர்மையாக அதே பட்டியலில் போடுபவர்களை நான் கூடுதலாக மதிக்கிறேன். விலை உயர்ந்த பல்லேடியத்துக்குப் பதில் இரும்போ செம்போ, அல்லது உலோகமே இல்லாத சிறு கரிம மூலக்கூறோ வினையூக்கியாக வேலை செய்தால் இன்னும் மதிப்பு. புரோலின் என்ற சாதாரண அமினோ அமிலமே கையைத் தேர்ந்தெடுத்து வினையை நடத்தும் என்று 2000-ல் காட்டிய பெஞ்சமின் லிஸ்ட்டும், அதே ஆண்டில் வேறொரு சிறு மூலக்கூறோடு அந்தப் பாதையைத் திறந்த டேவிட் மேக்மில்லனும் 2021 நோபல் பரிசு பெற்றார்கள். இன்று நம் நாட்டில் வரும் முனைவர் பட்ட ஆய்வுகளில் கணிசமானவை இந்த வழியில் நடப்பவை.

இந்த எண்கள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் இருக்கும் நாட்களை வெளியே யாரும் பார்ப்பதில்லை. காலையில் வினை வைத்து, மணிக்கொரு முறை நுண்குழாயில் ஒரு துளி எடுத்து, சிலிக்கா பூசிய சின்னத் தகட்டில் புள்ளி வைத்து, புற ஊதா விளக்கின் கீழ் பிடித்துப் பார்ப்பார்கள். தொடங்கிய பொருளின் புள்ளி மங்கி, புதுப் புள்ளி ஒன்று மேலேயோ கீழேயோ தெரிந்தால் நிம்மதி. ஒன்றுக்கு ஏழு புள்ளி தெரிந்தால் அன்றைய பொழுது போச்சு. கிடைத்த கலவையைக் கண்ணாடிக் குழாயில் அடைத்த சிலிக்கா வழியே இறக்கி, சோதனைக் குழாய் சோதனைக் குழாயாகப் பிடித்துப் பிரிப்பார்கள். இப்படிச் சுத்தமாக்கிய பொருளை, மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்.எம்.ஆர். கருவியில் கொடுத்து, வந்த கோடுகளைப் படித்து, நினைத்தது இதுதானா என்று பார்ப்பார்கள். பல நாள் இல்லை என்றுதான் வரும். வெயில் மாதத்தில் நடந்த வினை மழை மாதத்தில் நடக்கவில்லை என்றால், காற்றின் ஈரத்தைச் சந்தேகித்து ஒவ்வொரு கரைப்பானையும் மறுபடி உலர்த்த வேண்டும். விருதில் பாராட்டப்படுவது இந்தப் பொறுமையையும் சேர்த்துத்தான்.

இந்தத் துறைக்கு வர நினைக்கும் நம் மாவட்டப் பிள்ளைகளுக்கு வழி தெளிவாகவே இருக்கிறது. அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி., எம்.எஸ்சி. வேதியியல், அப்புறம் ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கும் சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வு. அதில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தேறினால், 2023 முதல் மாதம் 37,000 ரூபாயும் மேற்கொண்டு வீட்டு வாடகைப் படியும் கிடைக்கிறது. இரண்டு ஆண்டு கழித்து 42,000. படிக்கக் காசு இல்லை என்று நிற்க வேண்டியதில்லை என்பதை வீட்டில் உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டும். முக்கியமாக, பெண்ணுக்கு வயசாகிறது, இன்னும் எத்தனை வருஷம் படிப்பு என்று கேட்கும் வீடுகளில். நாட்டின் முன்னணி ஆய்வகங்களில் ஒன்றான பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் கிருஷ்ணகிரியிலிருந்து பஸ்ஸில் இரண்டு மூன்று மணி நேரத்தில் இருக்கிறது. ஓசூர் சிப்காட்டில் மருந்து மூலப்பொருள் தயாரிக்கும் ஆலைகள் உண்டு. அங்கே நடப்பதும் இதே வேலைதான், குடுவைக்குப் பதில் ஆயிரக்கணக்கான லிட்டர் கலனில். ஆய்வகத்தில் ஐந்து கிராமுக்குச் சரியாக வந்த வினை அந்த அளவில் சூடு தாங்காமல் கெட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ள, தொகுப்பு படித்தவர்கள் வேண்டும்.

செய்தி எழுதுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. வேதியியலுக்கான பன்னாட்டு ஒன்றியம் (ஐயூபாக்) இளம் வேதியியலாளர்களுக்குத் தரும் பரிசுக்கு, ஆய்வேட்டின் சாரத்தை 1000 சொல்லுக்குள் கட்டுரையாக எழுதித் தர வேண்டும். விருது வாங்கிய நம் ஊர்ப் பிள்ளையிடமும் அப்படி ஒரு பக்கம் தமிழில் கேளுங்கள். எந்தப் பிணைப்பை உண்டாக்கினீர்கள், முன்பு அதை எப்படிச் செய்தார்கள், உங்கள் முறையில் எத்தனை படி குறைந்தது, எந்தக் கை எவ்வளவு சுத்தமாக வந்தது என்ற நாலு கேள்வி போதும். பட்டத்துக்கு முந்தைய வாய்மொழித் தேர்வு பல்கலைக்கழகங்களில் பொது வாய்மொழித் தேர்வாகவே நடக்கிறது. நாளும் தலைப்பும் முன்கூட்டியே அறிவிக்கிறார்கள். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகள் லட்சக்கணக்கில் சோத்கங்கா தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மாணவர் பெயரைப் போட்டுத் தேடி, ஆய்வேட்டின் முதல் இயலையும் அந்த மூலக்கூறுப் பட்டியலையும் திறந்து வைத்துக்கொண்டு பேட்டிக்குப் போகலாம்.